தொட்ட கை

“அந்த நாள்ல நீ மிஷினைத் தொட்டியா?”

கமலவேணி அம்மாள் இதைக் கேட்டபோது கடை நிறையப் பையன்கள் இருந்தார்கள். தனக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, மாடிப்படிக்குக் கீழே நிறுத்திக் கேட்டிருக்கலாம். குரலையாவது தாழ்த்தியிருக்கலாம். அதெல்லாம் அந்த அம்மாளுக்குப் பழக்கமில்லை. கவுன்டருக்கு முன்னால் வந்து நின்று, பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்கிற குரலில் கேட்டுவிட்டார்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. மாட்டாதவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

“எந்த நாள்லடா?” என்றான் ஒருத்தன்.

பக்கத்தில் இருந்தவன் அவன் காதோரம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

தனக்கொடி கவுன்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அடியில் பழைய காலண்டரிலிருந்து வெட்டிய முருகன் படம் இருந்தது. அந்த மயிலின் கழுத்தை அவள் இதற்கு முன் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

“உன்னைத்தான் கேக்குறேன். வாயில என்னா, கொழுக்கட்டையா?”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். பின்னால் பிரேம்குமார் “தனம், தனம்” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பினால் அழுகிற முகத்தைப் பார்த்துவிடுவார்களே என்று திரும்பவில்லை.

முத்தியால்பேட்டையில் அந்தக் கடை முதலில் வெறும் பிரவுசிங் சென்டராகத்தான் இருந்தது. பரீட்சை ரிசல்ட் பார்க்கவும், பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு மெயில் அனுப்பவும் ஜனங்கள் வந்து போவார்கள். கடையைப் பிரேம்குமார் நடத்தினான். அவனுடைய அம்மா கமலவேணி மாடியில் குடியிருந்தார். வைத்திக்குப்பத்து மீன்காரி பூவாயியின் மகள் தனக்கொடி கவுன்டரில் இருந்தாள்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். வயதுக்கு வந்து, சடங்கு முடிந்து, பல நாள் கழித்து வகுப்புக்குப் போன அன்று வாத்தியார், “இவ்ளோ நாளா எங்க போயிருந்த? எழுந்து நின்னு சத்தமா சொல்லு” என்றார். எழுந்து நின்றாள். சத்தம் வரவில்லை. அவர் தெரியாமல் கேட்டாரோ, தெரிந்தே கேட்டாரோ, வகுப்பு சிரித்த சிரிப்பு அவளோடு கூடவே வீடு வரைக்கும் வந்தது. மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும் அதே வலி. பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடை அவளுக்குப் பிடித்துப் போனதற்கு ஒரே காரணம்தான். இங்கே யாரும் அவளைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். “மூணாவது சிஸ்டம்”, “டைம் முடிஞ்சுது” என்ற இரண்டு பேச்சை வைத்துக்கொண்டு முழு நாளையும் ஓட்டிவிடலாம். அதைவிடப் பெரிய சுகம் ஒன்று காலையில் இருந்தது. ஷட்டரைத் தூக்கி, எல்லா சுவிட்சையும் போட்டு, கீபோர்டுகளைத் துடைத்த பிறகு முதல் ஆள் வருகிற வரைக்கும் கடை அவளுடையது. ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவாள். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே ஒதுங்கி நிற்கிறவள், அந்த ஆட்டத்தில் மலைப்பாதை வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவாள்.

கமலவேணி அம்மாளின் தம்பி கோவிந்தசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர். ஊரில் அவர்களை ‘சொல்தா வீடு’, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்றுதான் சொல்வார்கள். அவர் லீவில் வந்தபோது, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக மடித்து வைத்து, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குத் தக்க மற்ற சாமான்களை வாங்கி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செல்வகுமார் சிஸ்டம்களைப் பொருத்திக் கொடுத்தான். கடையின் பின்பாதியைக் கண்ணாடி போட்டுத் தடுத்து, ஏசி வைத்து, ‘கேம் ரூம்’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.

“பாண்டிச்சேரியிலயே இந்த மாதிரி சிஸ்டம் யார்கிட்டயும் கெடையாது” என்று பிரேம்குமார் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். சும்மா சொல்லவில்லை. முதல் வாரம் ஆடிய பையன்கள் வெளியே வரும்போது கோயிலில் சாமி பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். ஆட்டத்தில் மழை பெய்தால் ரோட்டில் ஈரம் மின்னுவது தெரிந்தது. காரின் கதவில் எதிர்க் கடையின் விளக்கு விழுந்து ஓடியது. தனக்கொடி காலையில் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்குக் கமலவேணி அம்மாள் ஒரு காரியம் செய்தார். அவருக்குத் தையல் தெரியும். அந்தத் தெருவில் பாதி வீட்டு டி.வி.க்கும் பிரிட்ஜுக்கும் அவர் தைத்த உறைதான். கடல் காற்றில் எதுவும் துருப்பிடித்துப் போகும் என்பது ஒன்று. கண்ணு பட்டுவிடும் என்பது இன்னொன்று. புது சிஸ்டம்களின் சிபியு பெட்டிகளுக்குச் சிவப்பு வெல்வெட்டில், ஜரிகைக் கரை வைத்து, உள்ளே கெட்டித் துணி கொடுத்து உறை தைத்திருந்தார். முன்னால் சுவிட்சுக்கு ஒரு ஓட்டை, பின்னால் ஒயருக்கு ஒரு கீறல், மற்ற இடமெல்லாம் மூடல். சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, உறைகளை அவரே மாட்டிவிட்டார்.

“இனிமே இந்தப் பெட்டிய யாரும் தொடக்கூடாது. சுவிட்ச மட்டும் போடுங்க. பூஜை பண்ணினது” என்றார். அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார். தனக்கொடிக்குச் சுண்டல் கொடுத்து, இருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி அவள் தலையில் அவரே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் சிஸ்டம்கள் படுத்துக்கொண்டன.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது பறக்கும். கொஞ்ச நேரம் போனதும் கார் கல்லில் முட்டின மாதிரி நின்று நின்று போகும். சுடுகிற ஆட்டத்தில் எதிரி இங்கே நிற்பான், சுட்டதும் அங்கே நிற்பான். “ஸ்ட்ரக் ஆவுதுண்ணா” என்று ஒரு பையன் எழுந்தான். “எங்க வூட்டு டப்பா சிஸ்டமே தேவல” என்றான் இன்னொருவன். முன்பக்கம் இருந்த பழைய, உறை இல்லாத சிஸ்டம்களோ எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன. ஆசையோடு கேம் ரூமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பழசுக்கு வரிசையில் நின்றார்கள். கேம் ரூம் கண்ணாடியில் பையன்களின் மூச்சுக்காற்றுக்குப் பதிலாக ஏசியின் ஈரம் மட்டும் படிந்திருந்தது.

செல்வகுமார் வந்து பார்த்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினான். வைரஸ் என்றான், வோல்டேஜ் என்றான். கடைசியில் ஒரு சிஸ்டத்தை உறையைக் கழற்றிவிட்டுத் தன் கடைக்கே தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் அதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

“பிரேமு, என் கடையில நாள் முழுக்க ஓட்டினேன்டா. பறக்குது. இங்க கொண்டாந்தாதான் படுத்துக்குது. உன் கடையில என்னமோ இருக்குது, பாரு” என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். படியில் நின்றிருந்த கமலவேணி அம்மாள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்கு உறையைத் திரும்ப மாட்டிவிட்டு, கடையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கடையில் இருப்பது எல்லாம் அவருடைய மகன், மகனுடைய சாமான், மகனுடைய வாடிக்கைக்காரர்கள். வெளியிலிருந்து வந்து போகிற பெண் ஒருத்திதான். பார்வை அங்கே வந்து நின்றது.

கேள்வி பிறந்தது அப்படித்தான்.

பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் முடித்துப் பூவாயி வீடு திரும்பியபோது, மகள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைத் துண்டு துண்டாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கி முடித்ததும் பூவாயி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“இதுக்கா இந்த அழுவ? தொடலன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான?”

“தொட்டேனே.”

“தொட்டா என்னாடி? கரையில நாங்கள்லாம் எப்பிடிப் பொழைக்கிறோம்? வலையில மீன் இல்லன்னா, அந்த நாள்ல எவ வலையத் தாண்டினதுன்னு கேக்குறானுங்க. நான் தாண்டலன்னு எல்லாரும்தான் சொல்றோம். அன்னன்னிக்கி அதோட முடிஞ்சுது.”

“மீன் வந்தா?”

“மீன் வந்தா எவன் கேக்குறான்?” என்று சொல்லிவிட்டுப் பூவாயி தானே சிரித்தாள். “படகு நெறைய சங்கரா வந்த அன்னிக்கி, எவம்மா தாண்டினது, நாளைக்கும் வந்து தாண்டுன்னு எவனாவது கேட்டானா?”

தனக்கொடிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பூவாயி உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

“சிரிப்பெல்லாம் இருக்கட்டும். நாளைக்கிப் போயி இல்லன்னு சொல்லு. இல்லன்னா மேட்டுப்பாளையம்தான். கம்பெனியில டப்பா ஒட்டுற வேல இருக்குதுன்னு பக்கத்து வூட்டு ஜெயம் சொல்லிக்கினு இருக்கா. நாள் பூரா நின்னுக்கினே ஒட்டணும். அங்க உனக்குத் திரையும் கெடையாது, காரும் கெடையாது.”

அதுதான் பயம். ஊர்க்கோடியில் கம்பெனிகள் இருக்கிற மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறுவது பயமில்லை, நின்றுகொண்டே வேலை செய்வதும் பயமில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குகிற அந்தச் சத்தம் இனி வேறு யாருடைய கையிலாவது இருக்கும் என்பதுதான் பயம்.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாள் பிரேம்குமாரே பைக்கில் வைத்திக்குப்பத்துக்கு வந்துவிட்டான். படகுகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, மணலில் செருப்போடு தடுமாறி நடந்து வந்தான். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

“கோவிச்சுக்காத தனம். அம்மாவுக்கு அவ்ளோதான் தெரியும். ஞாயித்துக்கெழம போட்டி வெச்சிருக்கேன், நோட்டீஸ் அடிச்சிட்டேன். கடலூர்ல இருந்துகூடப் பசங்க வரானுங்க. அம்மா மஞ்ச தண்ணி தெளிச்சு, திரும்பப் பூஜை போட்டுட்டாங்க. நீ வந்து அம்மாகிட்ட தொடலம்மான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. உன் சீட்டு உனக்குத்தான்.”

தனக்கொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லலன்னா?”

பிரேம்குமார் கடலைப் பார்த்தான். “சொல்லிடேன். உனக்கென்னா போவுது?”

அவன் போன பிறகு அந்தக் கேள்வியைத் தனக்கே கேட்டுப் பார்த்தாள். எனக்கு என்ன போகிறது? வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். தொடலம்மா. சின்ன வார்த்தைதான். மாத்திரை மாதிரி விழுங்கிவிடலாம். ஆனால் விழுங்கினால் அதோடு முடியாது. தொடவில்லை என்று சொன்னால், தொட்டிருந்தால் தப்பு என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் மாதாமாதம் அந்தத் தப்பை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சீட்டு இருக்கும். அதில் உட்காருகிறவள் வேறு யாரோவாக இருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் பல தடவை யோசித்திருக்கிறாள். வகுப்பு சிரித்துத்தான் இருக்கும். சொல்லாமல் இருந்தும் சிரித்தார்களே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவயிற்று வலியோடு எழுந்தாள். நாள் பார்த்து வந்திருந்தது. தலைக்குக் குளித்து, நல்ல சுரிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்கடி கெளம்பிட்ட? இன்னிக்கா?” என்றாள் பூவாயி.

“இன்னிக்கித்தான்.”

பூவாயி மகள் முகத்தைப் பார்த்தாள். சீப்பை எடுத்து வந்து, பின்னலை இறுக்கிப் பின்னிவிட்டாள்.

கடைக்கு வெளியே சைக்கிள்களும் பைக்குகளும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. உள்ளே போட்டி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஆரம்பித்த வேகம் போய், சத்தம் வேறு மாதிரி மாறியிருந்தது.

“இதுக்காடா கடலூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்தோம்?”

“காரு ஓடுதா, மாட்டு வண்டி ஓடுதா?”

“அண்ணா, நோட்டீஸ்ல ஹை எண்ட்னு போட்டிருந்தீங்க. இது எந்த எண்ட்?”

பிரேம்குமார் முகம் வெளுத்துக் கை பிசைந்துகொண்டிருந்தான். நடுவராக வந்திருந்த செல்வகுமார் ஒரு மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர்களை ஆட்டிக்கொண்டிருந்தான். கேம் ரூம் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கமலவேணி அம்மாள், குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்குக் காவல் நிற்பது போல நின்றிருந்தார்.

தனக்கொடியை முதலில் பார்த்தது அவர்தான்.

“நீ எங்க வந்த?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எந்தத் திரைக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. தனக்கொடி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அன்னிக்கி ஒண்ணு கேட்டீங்களே. அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்.”

“அப்பறம் பேசிக்கலாம் தனம்” என்றான் பிரேம்குமார் அவசரமாக.

“இல்லண்ணா. எல்லாரும் இருக்குறப்போதான் கேட்டாங்க.” சத்தம் வரும் என்று அவளே நினைக்கவில்லை. ஆனால் வந்தது. அது வந்துவிட்டதே என்ற ஆச்சரியத்தில் அடுத்ததும் வந்தது. “தொட்டேம்மா. எல்லா மாசமும்தான் தொட்டேன். காலையில வந்து எல்லா சுவிட்சும் நான்தான் போடுறேன், நான்தான் தொடைக்கிறேன். அந்தப் பழைய சிஸ்டத்தையும் தொட்டேன், அது நல்லாத்தான ஓடுது? இந்த வாரம் பூரா நான் வரவே இல்ல. மஞ்ச தண்ணியும் தெளிச்சிட்டீங்க. இப்ப யாரு தொட்டு இது நிக்குது?”

“ஒரு தடவ பட்டா பட்டதுதான்” என்றார் கமலவேணி அம்மாள்.

“அப்போ இன்னிக்கிப் பட்டா ஒண்ணும் கூடுதலா ஆயிடப் போறதில்ல. இன்னிக்கி எனக்கு அந்த நாள்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காதோரம் பேசிய பையன் தன் ஷூவின் நாடாவைக் கவனமாக அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

தனக்கொடி கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். கமலவேணி அம்மாள், தன்மேல் பட்டுவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கியதால் வழி கிடைத்துவிட்டது. கோபத்தோடு எழுந்து போன யாரோ விட்டுச் சென்ற நாற்காலி காலியாக இருந்தது. தனக்கொடி அதன் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, வெல்வெட் உறையின் ஜரிகைக் கரையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

“ஏய்! பூஜை பண்ணின துணி! பிரேமு, பாத்துக்கினு நிக்கிறியே!”

உறை கையோடு வந்தது. துணிமேல் கை வைத்துவிட்டு, தொட்டேன் என்று சொல்ல அவள் வரவில்லை. எல்லாரும் பார்க்க, பெட்டியின் தகரத்திலேயே உள்ளங்கையைப் பதித்தாள்.

அடுத்த நொடி “அம்மா!” என்று கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டாள். வடிக்க இறக்கிய சோற்றுப் பானையில் கை பட்டது மாதிரி சுட்டிருந்தது.

கமலவேணி அம்மாளின் குரல் கணீரென்று எழுந்தது. “பாத்தியா! பாத்தீங்களா எல்லாரும்? சுட்டுச்சா? ஆத்தாளே காட்டிக் குடுத்துட்டா!”

மேஜைக்கு அடியிலிருந்து செல்வகுமார் எழுந்து வந்தான். சந்தேகத்தோடு பெட்டிமேல் தானும் ஒரு விரலை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

“எனக்கும் சுடுதேம்மா” என்றான். “ஆத்தாளுக்கு எம்மேல என்னா கோவம்?”

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. செல்வகுமார் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். உள்ளே வைத்துத் தைத்த கெட்டித் துணியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டான்.

“நான் ஒரு மடையன். என் கடையில நான் எப்போ உறை போட்டு ஓட்டினேன்? கழட்டிட்டுத்தான எடுத்துக்கினு போனேன்! பிரேமு, உள்ள இருக்குற சூடு வெளிய போவ வழியே இல்லடா. சூடு ஏறினா புராசஸர் எரிஞ்சு போவாம இருக்கத் தன் வேகத்தத் தானே கொறைச்சிக்கும். ரூமுக்கு ஏசி போட்டுட்டு, பெட்டிக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்கோம். எல்லாத்தையும் கழட்டுங்கடா!”

பையன்கள் ஆளுக்கு ஒரு உறையைப் பிடித்து இழுத்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது உண்மையாகவே யாரும் அந்தப் பெட்டிகளைத் தொட்டிருக்கவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சிஸ்டம்களை அணைத்து, பக்கத்து மூடிகளைத் திறந்து, மூலையில் இருந்த டேபிள் ஃபேனை அவற்றின் பக்கம் திருப்பி வைத்தார்கள். எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். கை வைத்துப் பார்த்து, “ம், ஆறிடுச்சு” என்றான் செல்வகுமார். “யாராவது ஒருத்தர் ஓட்டிப் பாருங்க.”

“நான் ஓட்டுறேன்” என்றாள் தனக்கொடி.

“அக்கா ஓட்டுவாங்களா?” என்றான் கடலூர்ப் பையன், சிரித்துக்கொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். “வாங்க, வாங்க. பாத்துடலாம்.”

இத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க அவள் இதற்கு முன் எதுவும் செய்ததில்லை. சுட்ட உள்ளங்கை கீபோர்டின் விளிம்பில் பட்டபோதெல்லாம் எரிந்தது. கார் புறப்பட்டது. மழை ரோடு, ஈரப் பளபளப்பு, கதவில் ஓடும் விளக்கு. பழைய மாதிரியே எல்லாம் வந்துவிட்டது. மலைப்பாதை வந்தது. வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்பினாள். பின்னால் யாரோ “ஏய், சூப்பர்டா!” என்று கத்தினார்கள். திரை நிற்கவில்லை, திணறவில்லை. தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

அவள் ஜெயிக்கவில்லை. கடைசிச் சுற்றில் எரிச்சல் தாங்காமல் கை நழுவி, காரைச் சுவரில் மோதிவிட்டாள். கடலூர்ப் பையன் தாண்டிப் போய்விட்டான். ஆனால் அவன் எழுந்ததும் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னான்: “கை சுட்டதாலதான நான் ஜெயிச்சேன்? அந்த வளைவ எப்பிடித் திரும்பினீங்க? அதச் சொல்லுங்கக்கா மொதல்ல.”

போட்டி திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. தனக்கொடி கவுன்டருக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரேம்குமார் கண்ணாடித் தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தான். கொஞ்சம் நெருங்கி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“தனம், நாளைல இருந்து எப்பவும்போல வந்துடு. ஒண்ணே ஒண்ணு. அம்மா மனசு சமாதானத்துக்கு, அந்த மூணு நாள் மட்டும் வூட்லயே இருந்துக்க. சம்பளத்துல கையே வைக்க மாட்டேன்.”

நல்லவன்தான். நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. தனக்கொடி மோரைக் குடித்து முடித்தாள்.

“வருவேண்ணா.”

“அந்த மூணு நாளும்...”

“அந்த மூணு நாளும் வருவேன். வயித்து வலி தாங்கலன்னா நானே லீவு கேப்பேன். என்னாத்துக்குன்னும் சொல்லித்தான் கேப்பேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, மேட்டுப்பாளையத்துல டப்பா ஒட்டுறேன்.”

பிரேம்குமார் தலையைத் திருப்பி மாடிப்படியைப் பார்த்தான், கேம் ரூமைப் பார்த்தான், பையன்களின் கூச்சலைக் கேட்டான். அப்புறம் சாவிக்கொத்தை எடுத்துக் கவுன்டர்மேல், அந்த முருகன் படத்துக்கு மேலே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். காலையில் ஷட்டர் தூக்குகிற சாவி அது.

பையன்கள் கழற்றி எறிந்த உறைகள் மூலையில் குவிந்து கிடந்தன. யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று தனக்கொடி போய் அவற்றை எடுத்து வந்தாள். நல்ல தையல். ஜரிகை ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. தூசியைத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தாள்.

கூட்டத்தை விட்டுக் கமலவேணி அம்மாள் வெளியே வந்தார். குங்குமச் சிமிழை இடுப்பில் செருகியிருந்தார். மாடிப்படிக்குப் போகிற வழி கவுன்டரைத் தாண்டித்தான். தனக்கொடி எழுந்து நின்று, மடித்த உறைகளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கமலவேணி அம்மாள் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். திரும்பவும் தரையைப் பார்த்தார். எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அந்த நாளில் ஒருத்தி கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவள் கீழே வைக்க வேண்டும், அப்புறம் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தன் வீட்டில் தனக்கொடி எத்தனையோ தடவை அப்படிக் கீழே வைத்திருக்கிறாள்.

இன்றைக்கு வைக்கவில்லை. உள்ளங்கை எரிந்தது. நீட்டியபடியே நின்றாள். கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

கேம் ரூமிலிருந்து ஒரு பெரிய கூச்சல் வந்து அடங்கியது. யாரோ யாரையோ முந்திவிட்டார்கள் போலிருக்கிறது.

கமலவேணி அம்மாளின் கை முந்தானைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. அவள் விரல் படாத ஒரு மூலையாகப் பார்த்து, ஜரிகைக் கரையை இரண்டு விரலால் பிடித்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேர் கையிலும் அந்தத் துணி இருந்தது. பிறகு அவர் அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். படியேறிப் போனார்.